2 வரி திருத்தினால் 1,400 வரி மாறியதாகக் கிட் காட்டுவது ஏன்?

கேள்வியின் சுருக்கம் இது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் நான்கு பேர் கொண்ட ஒரு குழு, பண்ருட்டி முந்திரி வியாபாரிகளுக்கான பில் மென்பொருள் எழுதுகிறது. இரண்டு பேர் உபுண்டு, ஒருவர் மேக். நான்காவது தோழி கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே விண்டோஸ் மடிக்கணினியில் வேலை செய்கிறார். அவர் 2 வரி திருத்தி அனுப்பிய கோப்பில் 1,400 வரியும் மாறிவிட்டதாக, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி காட்டுகிறது. அதே வாரம் சர்வரில் ஏற்றிய ஸ்கிரிப்ட் ஒன்று, தன்னை ஓட்டும் நிரலான இன்டர்பிரெட்டரைக் காணோம் என்று சொல்லி ஓட மறுக்கிறது. குழுவில் ஒருவர், எல்லோரும் வரி முடிவுக் குறியைத் தானாக மாற்றும் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பை ட்ரூ என்று வைப்போம் என்கிறார். இன்னொருவர் ஃபால்ஸ்தான் சரி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ட்ரூவோ ஃபால்ஸோ, அது அவரவர் கணினியில் இருக்கும் அமைப்பு. ரெப்போவோடு, அதாவது கிட் பாதுகாக்கும் பொதுக் கோப்புத் தொகுப்போடு, சேர்ந்து பயணிக்காது. இன்று நால்வரும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டாலும், அடுத்த மாதம் ஐந்தாவதாக ஒருவர் சேர்ந்தால் அவர் கணினியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வரி முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பது ரெப்போவுக்குள்ளேயே, ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கோப்பைப் பற்றித்தான் கீழே பெரும்பாலும் சொல்லப் போகிறேன். (கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். திரையில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.)

முதலில் சர்வர், அது அவசரம். ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தில் டாஸ்2யூனிக்ஸ் என்ற சிறு கருவியை நிறுவி, அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். ஸ்கிரிப்ட் ஓடிவிடும். ஆனால் ரெப்போவில் அதே கோப்பு பழையபடியே இருக்கிறது, அடுத்த முறை ஏற்றும்போது மறுபடி நிற்கும். ஆகவே இது இன்று ராத்திரிக்கு மட்டும்.

சரி, நடந்தது என்ன?

ஒரு வரி முடிந்தது என்பதைக் காட்ட இரண்டு எழுத்துகள் உண்டு. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி பட்டியலில் 13 சிஆர் (கேரேஜ் ரிட்டர்ன், வரித் தொடக்கத்துக்குத் திரும்பு), 10 எல்எஃப் (லைன் ஃபீட், ஒரு வரி இறங்கு). தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் லோயர், ஹையர் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வரி முடிந்ததும் இடப்பக்க நெம்புகோலைத் தள்ளினால் வண்டி வலப்பக்கம் ஓடி வரித் தொடக்கத்துக்கு வரும், உருளையும் ஒரு வரி சுழலும். ஒரே தள்ளலில் இரண்டு வேலை. டெலிபிரிண்டரில் அந்த இரண்டையும் தனித்தனி உத்தரவாக வைத்தார்கள். 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். ஆனால் அச்சுத்தலை வலக்கோடியிலிருந்து திரும்பி வர ஓர் எழுத்தின் நேரம் போதாது. அதனால் முதலில் சிஆர், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்எஃப். யூனிக்ஸ் எல்எஃப் மட்டும் போதும் என்று முடிவு செய்தது. சிபிஎம் என்ற பழைய இயங்குதளம் இரண்டையும் வைத்துக்கொண்டது (அந்த ஜோடிதான் சிஆர்எல்எஃப்), அதைப் பார்த்து 1981-இல் வந்த டாஸும், டாஸிலிருந்து விண்டோஸும். பழைய மேக் சிஆரை மட்டும் பயன்படுத்தியது. 2001-இல் ஓஎஸ் எக்ஸ் வந்த பிறகு மேக்கும் எல்எஃப் பக்கம்தான். ஆக இன்று உங்கள் குழுவில் மூன்று பேர் ஒரு கட்சி, கடலூர்க்காரர் மட்டும் தனிக்கட்சி.

கிட் வரிகளை ஒப்பிடும்போது வரி முடிவையும் சேர்த்தே பார்க்கும். ரெப்போவில் எல்எஃப்-ஆக இருந்த கோப்பு, தோழியின் எடிட்டரில் சிஆர்எல்எஃப்-ஆகச் சேமிக்கப்பட்டு, அவருடைய கிட்டில் மாற்றும் அமைப்பு அணைந்திருந்தால், 1,400 வரியிலும் கூடுதலாக ஒரு பைட் ஏறிவிடும். கிட் பொய் சொல்லவில்லை, 1,400 வரியும் மாறித்தான் இருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. ரெப்போவை ஜிப் செய்து வாட்ஸ்அப்பில் வாங்கி, பழைய ஃபோல்டரின் மேலேயே ஒட்டிவிடுவது. நம் பக்கத்துச் சின்னக் குழுக்களில் இது நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்கிரிப்ட் கதையும் இதுதான். முதல் வரியில் எந்த நிரல் இதை ஓட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். லினக்ஸ் அந்த வரியை எல்எஃப் வரை படிக்கும். வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிஆரையும் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். பாஷ் என்ற நிரல் இருக்கிறது, ஆனால் பாஷோடு ஒரு சிஆர் சேர்ந்த பெயரில் எதுவும் இல்லை. அதனால் காணோம் என்கிறது. மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே இமேஜாகக் கட்டி ஓட்டும் டாக்கரில் இன்னும் குழப்பம். விண்டோஸில் இமேஜ் கட்டும்போது தொடக்க ஸ்கிரிப்ட் சிஆர்எல்எஃப்-ஓடு உள்ளே போய்விட்டால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிழை வரும். உள்ளே போய்ப் பார்த்தால் கோப்பு கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்.

இதைவிட நேரத்தைத் தின்பது புள்ளி-என்வ் கோப்பு. தரவுத்தளத்தின் முகவரி, கடவுச்சொல் எல்லாம் அதில்தான் இருக்கும். அதை ஷெல்லில் ஏற்றினால் ஒவ்வொரு மதிப்பின் வாலிலும் ஒரு சிஆர் ஒட்டிக்கொண்டு வரும். லோக்கல்ஹோஸ்ட் என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறோம், இணைப்பு கிடைக்காது. பிழைச் செய்தியை அச்சிட்டால் அதுவும் விநோதமாக இருக்கும். சிஆர் கர்சரை வரித் தொடக்கத்துக்குக் கொண்டுபோய்விடுவதால், செய்தியின் பின்பாதி முன்பாதியின் மேல் ஏறி உட்கார்ந்து, பாதி எழுத்து அழிந்தது போலத் தெரியும். அப்படிச் சிதைந்த செய்தியைப் பார்த்தாலே முதலில் சிஆரைச் சந்தேகப்படுங்கள்.

இனி அந்த ட்ரூ, ஃபால்ஸ் சண்டை. ட்ரூ என்றால் கமிட் செய்யும்போது (மாற்றத்தை ரெப்போவில் பதியும்போது) சிஆர்எல்எஃப்-ஐ எல்எஃப் ஆக்கும், செக்அவுட் செய்யும்போது (ரெப்போவிலிருந்து ஃபோல்டருக்கு எடுக்கும்போது) திரும்பச் சிஆர்எல்எஃப் ஆக்கும். இன்புட் என்று மூன்றாவது ஒன்று உண்டு, அது போகும்போது மட்டும் மாற்றும், வரும்போது தொடாது. ஃபால்ஸ் எதையும் தொடாது. விண்டோஸில் கிட்டை நிறுவும்போது ஒரு திரையில் இதைக் கேட்கும். முன்கூட்டியே தேர்ந்திருப்பது ட்ரூ. அந்தத் திரையை நிதானமாகப் படித்தவரை நான் பார்த்ததில்லை, எல்லோரும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட்தான். எப்போதோ யாரோ இணையத்தில் படித்துவிட்டு ஃபால்ஸ் ஆக்கியிருப்பார்கள். ஆக, ஒரே ரெப்போவில் ஆளுக்கொரு சட்டம்.

அதற்குப் பதில்தான் புள்ளி-கிட்ஆட்ரிப்யூட்ஸ் என்ற கோப்பு. ரெப்போவின் வேர் ஃபோல்டரில் வைத்துக் கமிட் செய்ய வேண்டும். இதில் எழுதியிருப்பது அவரவர் கணினியின் அமைப்பை மீறிச் செல்லும். உங்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்:

* டெக்ஸ்ட்=ஆட்டோ ஈஓஎல்=எல்எஃப்
*.எஸ்எச் டெக்ஸ்ட் ஈஓஎல்=எல்எஃப்
*.பேட் டெக்ஸ்ட் ஈஓஎல்=சிஆர்எல்எஃப்
*.சிஎம்டி டெக்ஸ்ட் ஈஓஎல்=சிஆர்எல்எஃப்
*.பிஎன்ஜி பைனரி
*.பிடிஎஃப் பைனரி

ஈஓஎல் என்றால் வரி முடிவு. நட்சத்திர வரி முதலில் வர வேண்டும். ஒரு கோப்புக்கு இரண்டு வரிகள் பொருந்தினால் கீழே இருப்பதுதான் ஜெயிக்கும். அந்த முதல் வரி சொல்வது: எழுத்துக்கோப்பு எது என்று நீயே கண்டுபிடி, அதை ரெப்போவிலும் எல்எஃப்-ஆக வை, வேலை செய்யும் ஃபோல்டரிலும் எல்எஃப்-ஆகவே கொடு. விண்டோஸிலும்கூட. இதற்குக் கிட் 2.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். அதற்கு முந்தையவற்றில் இந்த ஒரே வரி எல்லாக் கோப்பையும், படங்களையும் சேர்த்து, எழுத்துக்கோப்பாகவே நடத்தும். 2.10 வந்தது 2016-இல் என்பதால் இது பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. எங்காவது பழைய சர்வர் இருந்தால் மட்டும் பதிப்பைப் பாருங்கள்.

ஈஓஎல் பகுதியை விட்டுவிட்டு டெக்ஸ்ட்=ஆட்டோ மட்டும் எழுதினால் போதும், விண்டோஸ்காரருக்குச் சிஆர்எல்எஃப் கிடைக்கட்டுமே என்று சிலர் சொல்வார்கள். ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. நோட்பேடில் எல்எஃப் கோப்பைத் திறந்தால் முழுக் கோப்பும் ஒரே நீள வரியாகத் தெரியும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து நோட்பேடே எல்எஃப்-ஐப் புரிந்துகொள்கிறது. மற்ற எடிட்டர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கற்றுக்கொண்டன. இப்போது விண்டோஸில் எல்எஃப் வைத்திருப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை. டாக்கரும், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லும் பயன்படுத்தினால் லாபம்தான். டபிள்யூஎஸ்எல்லில் ஒரே ஃபோல்டரை விண்டோஸ் கிட்டும் லினக்ஸ் கிட்டும் மாறி மாறித் திறக்கும்போது, யாரும் எதையும் தொடாமலே எல்லாக் கோப்பும் மாறியதாக ஸ்டேட்டஸில் வரும். இரண்டு கிட்டுக்கும் ஒரே சட்டம் இருந்தால் அது வராது.

எல்லாவற்றையும் எல்எஃப் ஆக்கிவிடலாம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். விண்டோஸ் கட்டளைகளை அடுக்கி எழுதும் பேட் கோப்புகள் விலக்கு. எல்எஃப் மட்டும் இருந்தால் விண்டோஸின் கட்டளைத் திரை சில நேரம் கோட்டூ கட்டளை தாவ வேண்டிய லேபிளைத் தவறவிடும். எப்போதும் இல்லை, சில நேரம். அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம்.

உங்கள் மென்பொருளுக்கு இன்னொரு விலக்கும் தேவைப்படும், அதுதான் பில் அச்சு. பண்ருட்டிக் கடைகளில் தொடர்தாள் போட்ட டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு டிரைவர் இல்லாமல் நேராக எழுத்துகளை அனுப்பினால், அது அந்தப் பழைய டெலிபிரிண்டரைப் போலவே நடக்கும். எல்எஃப் மட்டும் போனால் தாள் ஒரு வரி நகரும், அச்சுத்தலை நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்த வரி அங்கிருந்தே தொடங்கி, பில் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போகும். பிரிண்டரில் ஆட்டோ எல்எஃப் என்ற அமைப்பு போட்டிருந்தால் இதற்கு நேர் எதிர்: சிஆர் வந்ததுமே அது தானாக ஒரு எல்எஃப் சேர்க்கும், நீங்கள் அனுப்பும் எல்எஃப் இன்னொன்று, வரிக்கு வரி ஒரு வெற்று இடம் விழும். கடைக்காரர் தாள் வீணாகிறது என்று போன் செய்வார். ஆகவே பில் வார்ப்புருக் கோப்புகளைக் கிட் தொடவே கூடாது. அந்த ஃபோல்டருக்கு மட்டும் டெக்ஸ்டுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு, மாற்றம் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். ஒரு பைட்கூட மாறாமல் போய் வரும்.

பிஎன்ஜி வரி எதற்கு, கிட்டே கண்டுபிடிக்காதா என்றால், பெரும்பாலும் கண்டுபிடிக்கும். உள்ளே 0 பைட் இருந்தால் அது எழுத்துக்கோப்பு இல்லை என்று விட்டுவிடும். ஆனாலும் எழுதி வைப்பது நல்லது. இந்தத் தொல்லை கிட்டுக்கு முந்தியது என்பதற்குப் பிஎன்ஜியே சாட்சி. அதன் முதல் 8 பைட்டுகளில் வேண்டுமென்றே 13, 10 ஜோடியையும், கடைசியில் தனியாக ஒரு 10-ஐயும் வைத்திருக்கிறார்கள். வழியில் எவனாவது சிஆர்எல்எஃப்-ஐ எல்எஃப் ஆக்கினாலும், எல்எஃப்-ஐச் சிஆர்எல்எஃப் ஆக்கினாலும் அந்த 8 பைட்டிலேயே தெரிந்துவிடும். கோப்பைத் திறக்கும் நிரல் படம் கெட்டுவிட்டது என்று உடனே சொல்லிவிடலாம். 1990-களில் எஃப்டிபியில் எழுத்து முறையில் படம் அனுப்பிக் கெடுத்தவர்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு.

தமிழ்க் கோப்புகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பில்லில் தமிழ் இருக்கும் என்பதால் சொல்கிறேன். பழைய நோட்பேடில் யூனிகோட் என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் அது யூடிஎஃப்-16. அதில் இடைவெளிக்கும் வரி முடிவுக்கும்கூட 0 பைட் வரும். கிட் அதைப் பைனரி என்று ஒதுக்கி, டிஃப் (என்ன மாறியது என்ற ஒப்பீடு) காட்ட மறுக்கும். அதைச் சரி செய்வதாக நினைத்து *.டிஎக்ஸ்டி டெக்ஸ்ட் என்று கட்டாயப்படுத்தி, ஈஓஎல்-ஐயும் சிஆர்எல்எஃப் என்று எழுதினால் கதை முடிந்தது. இரண்டிரண்டு பைட்டாகப் படிக்க வேண்டிய கோப்பில் நடுவில் ஒற்றைப் பைட் 13-ஐக் கிட் செருகிவிடும். அதற்குப் பிறகு வரும் எழுத்துகளின் ஜோடி கலைந்து, தமிழ் இருந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கும். மாஹேயில் வாடிக்கையாளர் கிடைத்து மலையாளக் கோப்பும் சேர்த்தீர்கள் என்றால் இன்னும் மோசம். மலையாள ஊகாரத்தின் யூனிகோட் எண்ணிலேயே 13-உம் 10-உம் இருக்கின்றன. கிட் அந்த எழுத்தையே வரி முடிவு என்று நினைத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8-இல் இந்த ஆபத்தே இல்லை. தமிழோ மலையாளமோ, ஒவ்வொரு பைட்டும் 128 அல்லது அதற்கு மேல்தான். எல்லாக் கோப்பையும் யூடிஎஃப்-8-ஆக மாற்றிவிடுங்கள். ஏதோ ஒரு பழைய கருவிக்கு யூடிஎஃப்-16 கட்டாயம் என்றால், கிட் 2.18-இலிருந்து வொர்க்கிங்-ட்ரீ-என்கோடிங் என்ற குறிப்பை இதே கோப்பில் எழுதலாம்.

இப்போது உள்ளதைச் சுத்தம் செய்யும் வேலை. கோப்பை எழுதி வைத்ததால் மட்டும் ரெப்போவில் ஏற்கெனவே இருக்கும் சிஆர்எல்எஃப் போய்விடாது. முதலில் நிலவரம் பாருங்கள்: கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --ஈஓஎல். ஒவ்வொரு கோப்புக்கும் ரெப்போ பக்கம் என்ன, ஃபோல்டர் பக்கம் என்ன, எந்தச் சட்டம் பொருந்துகிறது என்று மூன்றையும் ஒரே வரியில் காட்டும். மிக்ஸ்ட் என்று வருபவைதான் வில்லங்கம். ஒரே கோப்பில் இரண்டும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். விஎஸ் கோடின் கீழ்மூலையில் பார்த்தால் இது தெரியாது, அங்கே ஏதாவது ஒன்றை மட்டும்தான் காட்டும்.

அப்புறம் நால்வரும் போனில் பேசி ஒரு நேரம் குறியுங்கள். அதற்குள் நிலுவையில் உள்ள பிராஞ்சுகளையெல்லாம் (தனிக் கிளைகளாக நடக்கும் வேலைகளை) மெர்ஜ் செய்து ஒன்றாக்கிவிட வேண்டும். ஒருவர் மட்டும், கமிட் செய்யாத மாற்றம் எதுவும் இல்லாத ஃபோல்டரில், புள்ளி-கிட்ஆட்ரிப்யூட்ஸைச் சேர்த்துவிட்டு, கிட் ஆட் --ரீநார்மலைஸ் என்று அடித்து ஓர் இடைவெளிவிட்டு ஒரு புள்ளி வைக்க வேண்டும். 2018 ஜனவரியில் வந்த கிட் 2.16-இலிருந்து இது இருக்கிறது. ஸ்டேட்டஸில் வரும் பட்டியலை ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள். படமோ வார்ப்புருவோ அதில் இருந்தால் சட்டத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. இல்லையென்றால் கமிட். அந்தக் கமிட்டில் வேறு எந்தத் திருத்தமும் கலக்கக் கூடாது, ஒரு எழுத்துப்பிழைகூட.

கலக்கக் கூடாது என்பதற்குக் காரணம், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் பிளேம் கட்டளை. இந்தக் கமிட்டுக்குப் பிறகு எந்த வரியைக் கேட்டாலும் சுத்தம் செய்தவர் பெயர்தான் வரும். பாவம், எழுதாத பிழைக்கெல்லாம் அவரைத் திட்டுவார்கள். அந்தக் கமிட்டின் எண்ணைப் புள்ளி-கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற கோப்பில் எழுதி வைத்தால் கிட்ஹப் அதைத் தாண்டிப் பார்க்கும். உங்கள் கணினியிலும் அப்படி வேண்டுமென்றால் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் என்ற அமைப்பில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். கிட் 2.23-இலிருந்து இது உண்டு. சுத்தக் கமிட்டில் உண்மையான திருத்தமும் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து மறைந்துபோகும்.

மற்ற மூவரும் பழைய ஃபோல்டரைத் தூக்கிவிட்டுப் புதிதாகக் குளோன் செய்வதே எளிது. ரீநார்மலைஸ் ரெப்போ பக்கத்தை மட்டும்தான் மாற்றுகிறது, ஃபோல்டரில் கிடக்கும் பழைய சிஆர்எல்எஃப் அப்படியே இருக்கலாம். தூக்குவதற்கு முன் புள்ளி-என்வ் போல ரெப்போவில் சேராத கோப்புகளையும், ஸ்டாஷில் (கிட்டின் தற்காலிக ஒதுக்கிடத்தில்) போட்டு மறந்தவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தப்பித் தவறி ஒரு பிராஞ்ச் மெர்ஜ் ஆகாமல் நின்றுவிட்டால், மெர்ஜ் செய்யும்போது -எக்ஸ் ரீநார்மலைஸ் என்று (இந்த எக்ஸ் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்) சேர்த்தால் வரி முடிவால் வரும் மோதல்கள் எழாது.

தோழியின் கணினியில் சில நாள் ஓர் எச்சரிக்கை வரும்: சிஆர்எல்எஃப் எல்எஃப்-ஆக மாற்றப்படும் என்று. அது பிழை இல்லை. அவர் உருவாக்கும் புதுக் கோப்பை எடிட்டர் சிஆர்எல்எஃப்-இல் தொடங்குகிறது என்று மட்டும் பொருள். புள்ளி-எடிட்டர்கன்ஃபிக் கோப்பில் எண்ட்_ஆஃப்_லைன் = எல்எஃப் என்று ஒரு வரி போட்டுவிட்டால் அதுவும் நின்றுவிடும்.

கடைசியாக, கேள்வியின் அடியில் பழைய வரலாறு முழுவதையும் திருத்தி எழுதிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் செய்யாதீர்கள். ஒவ்வொரு கமிட்டின் எண்ணும் மாறும், சர்வரில் ஏறியிருக்கும் பதிப்புக்கும் ரெப்போவுக்கும் தொடர்பு அறுந்துவிடும், நால்வரில் ஒருவர் பழைய குளோனிலிருந்து புஷ் செய்தால் கெட்டதெல்லாம் திரும்பி உள்ளே வந்துவிடும். அந்த 1,400 வரிக் கமிட்டைப் பார்க்க வேண்டி வந்தால் டிஃபோடு --இக்னோர்-சிஆர்-அட்-ஈஓஎல் சேர்த்துப் பாருங்கள். அவர் திருத்திய 2 வரி மட்டும் தெரியும்.